இருவேல்பட்டை இண்டூரிலிருந்து வாசிப்பது

கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பெயர் தமிழ்நாட்டில் இரண்டு வகை ஆட்களுக்குத் தெரியும். திராவிட இயக்க வரலாறு படிக்கிறவர்களுக்கு அவர் 1924ல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றிப் புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர். பொருளாதாரம் படித்தவர்களுக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். 1915ல் வந்தார், மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார், அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததைத் தொகுத்து 1918ல் 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்' என்று வெளியிட்டார். தமிழ்நாட்டுக் கிராமத்தைப் பற்றி யார் எந்த ஆய்வேடு எழுதினாலும் முதல் அத்தியாயத்தில் இந்தப் புத்தகத்துக்கு ஒரு கும்பிடு உண்டு.

ஆனால் சென்னைக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1907ல், அவர் எழுதிய இன்னொரு புத்தகம் இருக்கிறது. அது இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றியது: ஆங்கிலக் குடியானவர்களும் பொதுவயல்கள் வேலிபோடப்பட்டதும். இந்த இரண்டையும் சேர்த்து வாசித்துப் பேசிய தமிழ்க் கட்டுரை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த மனுஷர் என்ன தேடினார் என்பது பிடிபடுகிறது.

வேலி விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தில் பல ஊர்களில் பெரிய வயல்கள் துண்டு துண்டாகப் பல குடும்பங்களுக்குச் சொந்தம். அறுவடை முடிந்ததும் அது எல்லார் மாட்டுக்கும் மேய்ச்சல். அதற்கு வெளியே பொதுநிலம். அங்கே விறகு, புல், பன்றிக்குத் தீனி. நிலமே இல்லாத கூலிக்காரரும் ஒரு பசு வைத்துப் பிழைக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊர் ஊராக நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு இதைப் பிரித்து வேலி கட்டினார்கள். பட்டா வைத்திருந்தவருக்கு ஒரே இடத்தில் நிலம் கிடைத்தது. பசு மட்டும் வைத்திருந்தவருக்குப் பசு போயிற்று. விளைச்சல் கூடியது என்பதும் உண்மைதான். அதனால்தான் சண்டை இன்னும் தீரவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் மட்டும் பழைய பொதுவயல் முறை இன்றும் நடக்கிறது. சுற்றுலாக்காரர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஊர் 'அ' பதிவேடு. தர்மபுரி பெண்ணாகரம் ரோட்டில் இருக்கிற இண்டூர் மாதிரி ஒரு ஊரின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் கையில் முதலில் கிடைக்கும் எழுத்து இந்த நிலக்கணக்குதான். புல எண், உட்பிரிவு, தீர்வை, பட்டாதாரர் பெயர். கடைசியில் புறம்போக்கு: மேய்ச்சல், ஏரி, ஓடை, பாதை, சுடுகாடு. இந்தக் கணக்குமுறையின் வேர் எங்கள் பக்கம்தான். 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீட் வந்து அளக்க ஆரம்பித்தார். அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கேயே கிடந்து ரயத்துவாரியைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு ரயத்து, ஒவ்வொரு ரயத்துக்கும் ஒரு தீர்வை. மாநிலம் முழுக்கப் போன முறை பாராமகாலில் ஒத்திகை பார்த்தது.

அதனால் நமக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. நிலம் வைத்திருந்தவருக்கு 200 வருஷமாகப் பெயர் இருக்கிறது. நிலமில்லாதவருக்கு எழுத்தில் இடமே இல்லை. இங்கிலாந்தில் அப்படி இல்லை. 1538ல் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1841லிருந்து மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் இருப்பவர் எல்லாருடைய பெயரும் உண்டு. வேலைக்காரப் பெண், அநாதைப் பையன், பிச்சைக்காரர்வரை ஒரு வரி கிடைக்கும். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு வருஷத்தில் ஊர் வரலாறு எழுதிவிடுகிறார் என்றால், அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. அவருக்கு அலமாரி நிறைந்திருக்கிறது. நம்ம கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் வெளியே வராது, தொகை மட்டும்தான் வரும்.

ஸ்லேட்டரின் கேள்வித்தாளுடைய மதிப்பு இங்கேதான். வருவாய்த் துறை கேட்காததை அது கேட்டது: கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, யாரிடம், என்ன சாப்பிடுகிறார்கள். தென்னாற்காட்டு இருவேல்பட்டைப் பற்றிய பகுதியில் ரெட்டியார் நிலக்காரர்களும் அவர்களிடம் கட்டுப்பட்ட படியாட்களும் வருகிறார்கள். படியாள் என்பது கடனில் தொடங்குகிற உறவு. கல்யாணத்துக்குக் கொஞ்சம் பணம் வாங்குவார், அதைக் கழிக்க உழைப்பார், கழியாது, மகன் தொடர்வான். பொதுநிலத்தை இழந்த ஆங்கிலக் கூலிக்காரரைப் பற்றி எழுதிவிட்டு வந்தவர் இதைத் தேடியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

என் முதல் குறை, அந்த மாணவர்கள் யார் என்பது. அவரவர் தெரிந்த ஊரைப் பற்றி எழுதினார்கள். 1916ல் ஒரு கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து பி.ஏ. படிக்கக்கூடியவர் எந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பார்? படியாள் வீட்டுப் பிள்ளை இல்லை. கூலியைப் பற்றிக் கூலி கொடுக்கிற திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. திண்ணையிலிருந்து பார்த்த எண்கள், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் அந்தக் கூலி அட்டவணைகளை மேற்கோள் காட்டும்போது திண்ணையையும் சேர்த்துக் காட்டினால் நல்லது.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, இருவேல்பட்டுக்குக் கிடைத்தது நம்ம ஊர்களில் வேறெதற்கும் சுலபமாகக் கிடைக்காதது. திரும்பத் திரும்ப ஆள் வந்தார்கள். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்து 1940ல் வெளியிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். பிறகு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரை ஒரே ஊரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் மூன்றையும் கோர்த்து 2010ல் இ.பி.டபிள்யூ.வில் எழுதினார்கள். இந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படிப்பது ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறைப் புகைப்படங்களைப் பார்ப்பதுபோல. படியாள் என்ற சொல்லே மெல்ல மறைகிறது. நிலம் சிலர் கையில் கூடுதலாக இருப்பது மாறிவிடவில்லை. ஆனால் அந்த நிலத்தை வைத்து ஆளைக் கட்டிப்போடும் பிடி தளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வெளியூர் வேலை, ஓட்டு எல்லாம் சேர்ந்து தளர்த்தியது. புரட்சி என்று ஒரு நாளைக் குறிக்க முடியாது. எப்போது நடந்தது என்று கேட்டால் இரண்டு ஆய்வுக்கு நடுவில் நடந்தது என்றுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது குறையும் அதே இடத்தில்தான். அந்த நடுவில் இருந்தவர்கள் பேசவே இல்லை. எந்த வருஷம், எந்த வீட்டிலிருந்து முதல் ஆள் "இனி வர மாட்டேன்" என்று நிலக்காரரிடம் சொன்னார்? அந்த ராத்திரி அவர் வீட்டில் என்ன பேசினார்கள்? புள்ளிவிவரத்தில் சதவீதம் மாறும். வாசலில் நின்று சொன்னவர் காணாமல் போவார்.

ரொனால்ட் பிளைத் 1969ல் எழுதிய 'ஏக்கன்ஃபீல்ட்' இதற்கு நேர் எதிர். சஃபோக் பகுதியில் தனக்குத் தெரிந்த சார்ஸ்ஃபீல்ட், டெபாக் என்ற இரண்டு ஊர்களை வைத்து, இல்லாத ஒரு பெயர் கொடுத்து, கருமார், பழத்தோட்ட வேலையாள், வெட்டியான், ஆசிரியர், முதல் உலகப்போருக்குப் போய் வந்த கிழவர் என்று ஒவ்வொருவரையும் பேசவிட்டார். ஊர் வரலாறு என்றால் பூந்தோட்டமும் தேவாலய மணியும் என்று நினைத்திருந்த ஆங்கில வாசகர்களுக்கு, பண்ணைக்கூலிகள் பட்ட பாடு நேராக முகத்தில் அடித்தது. வாய்மொழி வரலாற்றுக்காரர்கள் அவர்மீது கோபப்பட்டார்கள்: ஒலிப்பதிவு எங்கே, யார் சொன்னது எங்கே முடிகிறது, நீங்கள் எழுதியது எங்கே தொடங்குகிறது? கேள்வி நியாயமானது. ஆனாலும் அந்தப் புத்தகம் நின்றுவிட்டது. 2006ல் கிரேக் டெய்லர் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு புத்தகம் எழுதினார். அதற்குள் பண்ணையில் வேலை செய்கிறவர்களே ஊரில் சிலர்தான்.

என்னைக் கேட்டால் இருவேல்பட்டுக்கு ஒரு பிளைத் வேண்டும், ஏக்கன்ஃபீல்டுக்கு ஒரு குகன் வேண்டும். (எம்.என். ஸ்ரீனிவாஸ் இரண்டுக்கும் நடுவில் வருவார். 1970ல் ஸ்டான்ஃபோர்டில் தீவைப்பில் குறிப்புகள் எரிந்துபோக, ஞாபகத்தை வைத்தே ராம்புரா பற்றி எழுதினார். அதனாலேயே அதில் மனுஷர்கள் மறக்க முடியாதவர்களாக இருக்கிறார்கள். ஆனால் அவர் யார் வீட்டில் தங்கியிருந்தாரோ அவர்கள்தான் அதிகம்.)

இனி நம்ம ஆட்கள் எழுதும் ஊர் வரலாறுகள். பெயர் சொல்லிக் குறை சொல்ல விரும்பவில்லை. கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், யாரோ ஒரு நல்ல மனுஷர் சொந்தக் காசில் அச்சடித்த 60 பக்கப் புத்தகம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாமே ஒரே அச்சில் இருக்கும். பெயர்க்காரணம் இரண்டு பக்கம். அதியமான் ஒரு பக்கம். தகடூர் நாடு என்பதால் எங்கள் மாவட்டத்தில் அவர் இல்லாமல் எதுவும் தொடங்காது. கோயில் தல வரலாறு பத்துப் பக்கம். பிறகு ஒரே தாவாகத் தாவி சுதந்திரப் போராட்டம். பாப்பாரப்பட்டி பக்கத்தில் இருப்பதால் 1925ல் அங்கே காலமான சுப்பிரமணிய சிவா வந்துவிடுவார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், நன்கொடையாளர்கள், படங்களுடன்.

இதில் 1876–78 பஞ்சம் பெரும்பாலும் இருக்காது. அன்றைய சேலம் மாவட்டத்தில், அதாவது நாங்களும் சேர்ந்திருந்த மாவட்டத்தில், 1871ல் ஏறத்தாழ 19.6 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பத்து வருஷத்தில் ஆறு பேரில் ஒருவருக்கும் மேல் குறைந்த ஒரு மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஊர் வரலாற்றில் அதற்கு ஒரு பத்தி இல்லை என்றால் நாம் எதை வரலாறு என்று நினைக்கிறோம்?

இன்னும் ஒரு மௌனம் சொல்லவே சங்கடமானது. 2001 கணக்கெடுப்பில் பிரிக்கப்படாத தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயசுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேயும் வந்தது அதனால்தான். 2011ல் அது 900ஐத் தாண்டியது. ஏன் குறைந்தது, எப்படி ஏறியது, ஊருக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த வரலாறு. எந்த மலரிலும் வராது. வேறு ஊர்களிலிருந்து கல்யாணமாகி வந்து அம்பது வருஷம் இங்கே களை எடுத்த பெண்களும் வர மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் 'ஊர்க்காரர்' இல்லை.

'ஊர்' என்ற சொல்லிலேயே பிரச்சினை இருக்கிறது. பேச்சுவழக்கில் ஊர் என்றால் ஊர்; சேரி, காலனி என்றால் வேறு. "ஊருக்குள்ள வந்தாங்க" என்று சொன்னால் யார் எங்கேயிருந்து வந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். 1830ல் சார்லஸ் மெட்கால்ஃப் இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று புகழ்ந்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தப் புகழ்ச்சியை எடுத்துக்காட்டியே அதை உடைத்தார். அந்தப் பேச்சு முடிந்து 64 வருஷம் கழித்து, 2012 நவம்பர் 7ல், எங்கள் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. காரணம் ஒரு சாதி கடந்த கல்யாணம். ஊர் வரலாறு எழுதுகிறவர் 'நம் ஊர் மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்து வருகின்றனர்' என்று முடிக்கும் வரியை நான் படிக்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. ஸ்லேட்டரின் ஊர்களில் ஒன்றான பாலக்குறிச்சியும் கீழத்தஞ்சையில், 1968ல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இருக்கும் அதே பகுதியில்தான் இருக்கிறது. கூலிக் கணக்கு எடுப்பது ஏன் வேண்டாத வேலை இல்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

நம்ம பக்கத்தில் ஊர் வரலாற்றின் மிகப் பழைய வடிவம் நடுகல். தர்மபுரி, செங்கம் பகுதிகளில் அவ்வளவு கிடைத்திருக்கின்றன. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. எந்த அரசன் ஆட்சி, எந்த ஆண்டு, எந்த ஊர் மாட்டை யார் ஓட்டினார்கள், மீட்கப் போனவன் பெயர் என்ன, பட்டான். நாலைந்து வரிதான். எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மன் காலத்து வீரன் கருந்தேவக்கத்தியோடு அவன் நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்று அதற்குப் பெயரே வெட்டியிருக்கிறார்கள், கள்ளர்களைக் கடித்துக் காவலாக நின்றதற்காக. 1400 வருஷத்துக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரியும். 1916ல் இருவேல்பட்டில் ஏர் பிடித்த படியாளின் பெயரைக் கேட்டால் அட்டவணையைக் காட்டுகிறோம்.

சரி, குறை சொல்லிக்கொண்டே போகலாம். இண்டூர் மாதிரி ஊருக்கு எப்படி எழுதுவது என்று கேட்டால் என் யோசனை தண்ணீரிலிருந்து தொடங்குவது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். திறந்த கிணறு வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆழம் போகப் போகப் பல் கறுத்தது. பல்லில் அந்தக் கறை விழுவது சின்ன வயசில், ஏறக்குறைய எட்டு வயசுக்குள். பெரியவரான பிறகு குடித்தால் எலும்பில் போகும், பல்லில் புதிதாக விழாது. ஆக, ஒருவர் சிரித்தால் அவர் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வந்தது என்பது தெரியும். 2008ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனில் கட்டி, 2013ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று இனி எங்கள் ஊர்களில் தலைமுறை பிரிக்கலாம். சாசனம் கிடைக்காத ஊரில் இது சாசனம்.

தண்ணீரைத் தொட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். கிணறு யாருடையது என்றால் நிலம் வரும். கிணறு வற்றியதும் ராகியும் கொள்ளும் போய் மரவள்ளி, அல்லது வெறும் தரிசு. தரிசானால் பெங்களூரு, ஓசூர், திருப்பூர். பையன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனால் நிலக்காரருக்கு ஆள் கிடைக்காது, கூலி ஏறும், வாசலில் நிற்பது நிற்கும். இருவேல்பட்டில் நூறு வருஷ ஆய்வு சொல்லும் அதே கதையின் எங்கள் பக்கத்து வடிவம். அங்கே கரும்பும் ஆற்றுப்பாசனமும் இருந்தது, இங்கே மானாவாரி. போய்ச் சேர்ந்த இடம் ரொம்ப தூரமில்லை.

ஆறும் வெறும் பின்னணி இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் அரை மீட்டர் கொட்டியது. எங்கள் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற தென்பெண்ணை சாத்தனூர் அணையை நிரப்பி, திறந்துவிட்ட வெள்ளம் விழுப்புரம் பக்கம் போய் விழுந்தது. மறுநாள் நிவாரணம் வரவில்லை என்று தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். பார்க்க வந்த அமைச்சர்மீது சேறு விழுந்தது. செய்தியில் வந்த ஊர்ப் பெயர் இருவேல்பட்டு. நூறு வருஷத்தில் நாலு முறை அளக்கப்பட்ட ஊர் என்று ஒரு தொலைக்காட்சியும் சொல்லவில்லை, அவர்களுக்கு எதற்கு. எனக்குத் தோன்றியது வேறு: 1916ல் வாசலில் நின்றவர்களின் கொள்ளுப்பேரன்கள் நடுரோட்டில் நின்று அமைச்சரிடம் கணக்குக் கேட்கிறார்கள். ஸ்லேட்டரின் கேள்வித்தாளில் இதற்கு ஒரு கட்டம் போட முடியாது. அடுத்த மறு ஆய்வுக்குப் போகிறவர்கள் அந்த நாளைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும், ரோட்டில் உட்கார்ந்த பெண்களிடம் முதலில்.

இண்டூருக்கு நான் வைத்திருக்கும் கேள்வித்தாள் ரொம்பச் சின்னது. வயசானவர்களிடம் கேட்க இரண்டு கேள்வி. எட்டு வயசு வரைக்கும் எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சீங்க? அந்தக் கிணத்துல நீங்களே இறைச்சீங்களா, இல்லை யாராவது இறைச்சு ஊத்தினாங்களா?